மைலேஜுக்காக வண்டியில் கை வைக்குமுன்: மீட்டர் முதல் அடித்தட்டு வரை ஒரு மதிப்பீடு

மைலேஜ் ஏற்றுவதற்கென்று விற்கும் சாமான்களில் முதலில் வாங்க வேண்டியது, தானாக ஒரு சொட்டுப் பெட்ரோலைக்கூட மிச்சம் பிடிக்காத ஒரு பொருள்: ஓ.பி.டி. அடாப்டர், அதாவது காரின் கணினி சொல்லும் எண்களைப் படித்துப் போனுக்கு அனுப்பும் சிறு கருவி. அது இல்லாமல் வேறு எதைச் செய்தாலும், கிடைத்த பலன் செய்த வேலையால் வந்ததா, அன்றைக்குப் பின்காற்று அடித்ததால் வந்ததா என்று சொல்ல வழியில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்கலாம். பிறகு கிரில் அடைப்பு, சக்கர மூடி, காரின் அடிப்பக்கத்தை மூடும் அடித்தட்டு என்று கையால் செய்யும் வேலைகள். பெட்டியில் போட்டு விற்கும் 'ஃபியூவல் சேவர்' வகையறா கடைசியில். பேச்சு பெரும்பாலும் பெட்ரோல் கார்களைப் பற்றியது. டீசலில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறது.

அதற்கு முன் ஒரே ஒரு கணக்கு. 1,200 கிலோ எடை, காற்றுத்தடைக் கெழு (காரின் வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்ற எண்; குறைந்தால் நல்லது) 0.32, முன்பரப்பு 2.1 சதுர மீட்டர் என்று ஒரு சாதாரணக் காரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும் விசை சுமார் 78 நியூட்டன். டயர் உருளும்போது வரும் தடை, கெழு 0.010 என்று வைத்தால், 118 நியூட்டன். 62 கி.மீ. வாக்கில் இரண்டும் சமமாகும். 90-ல் காற்று 250 நியூட்டனைத் தொட்டுவிடும். டயர் கிட்டத்தட்ட அதே 118-ல்தான் நிற்கும். ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்கு அடித்தட்டு பூட்டுவது ஏன் வீண் வேலை, நெடுஞ்சாலையிலேயே கிடக்கும் காருக்கு அது ஏன் லாபம் என்பதெல்லாம் இந்த நான்கு எண்களுக்குள்ளேயே இருக்கிறது. எந்த வேலையையும் தொடங்குமுன் உங்கள் ஓட்டத்தில் 70 கி.மீ.க்கு மேல் போகும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். பாதிகூட இல்லையென்றால், கீழே டயர், பழுது, எடை பற்றி வரும் பகுதிகளே போதும்.

ஓ.பி.டி. அடாப்டரும் செயலியும்: 5-க்கு 5, ஆனால் சரிபார்த்த பிறகு

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட் அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமானது. அதில் செருகும் சிறிய புளூடூத் அடாப்டர்களில் பெரும்பாலானவை, காரின் கணினியோடு பேசும் ஈ.எல்.எம்.327 என்ற சில்லின் நகல்கள். மூலச் சில்லைச் செய்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. பெட்டியில் 'பதிப்பு 1.5' என்று போட்டிருக்கும். அந்த எண்ணில் அந்த நிறுவனம் எதையும் வெளியிட்டதே இல்லை. வேடிக்கை என்னவென்றால், நகல்களுக்குள் 1.5 என்று பொய் சொல்பவை ஓரளவு ஒழுங்காக வேலை செய்கின்றன. 2.1 என்று போட்டு வரும் மலிவுச் சரக்கில் பாதிக் கட்டளைகளே இருக்காது. சில கார்களோடு பேசவே பேசாது. வாங்கியதும் அடாப்டரைச் சோதிக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, எந்தக் கட்டளைகளுக்குப் பதில் வருகிறது, வினாடிக்கு எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். வேகம், இன்ஜின் சுற்று, காற்றோட்டம், கூலன்ட் வெப்பம் நான்கையும் கேட்டால் எல்லாம் சேர்த்து வினாடிக்கு ஐந்து பதிலாவது வர வேண்டும். அதற்குக் குறைந்தால் காட்டும் எண் காலுக்குப் பின்னால் ஓடிவரும்; பயன் இல்லை.

ஆண்ட்ராய்டு போனுக்குப் பழைய வகை புளூடூத் போதும். ஐபோனுக்குக் குறைமின் புளூடூத் அல்லது வைஃபை உள்ள அடாப்டர் வேண்டும். மாற்றி வாங்கித் திருப்பிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். சாக்கெட்டின் 16-ஆம் முனையில் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும். ஒரு மலிவு அடாப்டர் 40 மில்லியாம்பியர் இழுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி. இரண்டு மூன்று வாரம் வண்டி நின்றால், சிறிய காரின் பேட்டரி ஸ்டார்ட் எடுக்கத் திணறும் அளவுக்கு இறங்கிவிடும். நிறுத்தி வைக்கும்போது கழற்றிவிடுங்கள்.

செயலி பெட்ரோலை நேரடியாக அளப்பதில்லை என்பதைப் புரிந்துகொண்டால்தான் அதன் எண்ணை நம்பலாமா வேண்டாமா என்று தெரியும். இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு சென்சார் வினாடிக்கு இத்தனை கிராம் என்று சொல்கிறது. பெட்ரோல் எரிய 1 கிராமுக்கு 14.7 கிராம் காற்று. லிட்டர் எடை 740 கிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், வினாடிக்கு 1 கிராம் காற்று என்பது மணிக்கு 0.33 லிட்டர் பெட்ரோல். 80 கி.மீ. வேகத்தில் 8 கிராம் காற்று போனால் மணிக்கு 2.65 லிட்டர், அதாவது லிட்டருக்கு 30 கி.மீ. இந்தக் கணக்கில் மூன்று இடங்களில் ஓட்டை உண்டு.

முதலாவது எத்தனால். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு விகிதம் 14.1 அளவில் இருக்கும். செயலியில் 14.7 என்றே விட்டுவைத்தால் செலவை 4 சதவீதம் குறைத்துக் காட்டும். இரண்டாவது, காற்றோட்ட சென்சாரே இல்லாத கார்கள். இவற்றில் செயலி உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பம், இன்ஜின் கொள்ளளவு மூன்றையும் வைத்து ஊகிக்கும். 'வால்யூமெட்ரிக் எஃபிஷியன்ஸி' (சிலிண்டர் தன் கொள்ளளவில் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது) என்ற இடத்தில் 80 முதல் 85 என்று தொடங்கி, டேங்க் நிரப்பும் கணக்கை வைத்துத் திருத்த வேண்டும். மூன்றாவதுதான் ஆளைத் தவறான பழக்கத்துக்குத் தள்ளுவது. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால், சுமார் 1,200 முதல் 1,500 சுற்றுக்கு மேல் இருக்கும்வரை பெரும்பாலான கார்கள் பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும். செயலிக்கோ காற்று போவது மட்டும் தெரியும். பெட்ரோலும் போவதாக எண்ணிக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டு 'நியூட்ரல் போட்டால் மைலேஜ் நன்றாகக் காட்டுகிறதே' என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுபவர்கள் உண்டு. உண்மையில் ஐட்லிங்கில் பெட்ரோல் எரிகிறது, கியரில் எரியவில்லை. செயலியின் அமைப்பில் எரிபொருள் நிறுத்தத்தைக் கணக்கில் எடுக்கும் தேர்வு இருக்கும்; அதை இயக்குங்கள்.

சரிபார்க்கும் முறை எளிது. ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், துப்பாக்கி முதல் தடவை தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். அதற்குமேல் அழுத்தி ஊற்ற வேண்டாம். டேங்க் கால்வாசிக்குக் கீழே போனதும் மறுபடி நிரப்பி, பம்ப் காட்டிய லிட்டரைச் செயலி காட்டிய லிட்டரால் வகுத்தால் திருத்தக் காரணி கிடைக்கும். ஒரே டேங்க்கை நம்பாதீர்கள். துப்பாக்கி நிற்கும் இடம் ஒரு லிட்டர் முன்னே பின்னே போகும். 40 லிட்டரில் அதுவே 2.5 சதவீதம். மூன்று டேங்க்கின் சராசரியைப் போட்டால் போதும்.

போனை மாட்டிக்கொண்டு ஓட்டப் பிடிக்காதவர்களுக்கு ஸ்கேன்கேஜ் போன்ற தனி மீட்டர்கள் உண்டு. சாவி போட்டதும் தானே விழிக்கும். டேங்க் நிரப்பியதைச் சொல்லித் திருத்தவும், எரிபொருள் நிறுத்த எல்லையைப் போடவும் அதிலேயே வசதி இருக்கும். திரை சிறியது, தோற்றம் பழையது, விலை நகல் அடாப்டரைப் போல் பல மடங்கு. ஆனாலும் நீண்ட நாள் தொல்லையில்லாமல் ஓடுவது இதுதான். டீசல் காரில் காற்றுக் கணக்கு எடுபடாது. டீசல் இன்ஜின் எப்போதும் மிகுதிக் காற்றோடு ஓடுவதால் விகிதம் நிலையாக இருக்காது. காரின் கணினியே எரிபொருள் அளவை நேரடியாகச் சொன்னால் மட்டும் மீட்டர் வாங்குங்கள்.

மீட்டர் முதலில் காட்டப் போவது பழுதை

அடாப்டரைச் செருகிய முதல் வாரத்தில் மைலேஜ் எண்ணை விட்டுவிட்டு இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று கூலன்ட் வெப்பம். கால் மணி நேரம் ஓடியும் 70 டிகிரியைத் தாண்டாமல், வேகமாகப் போனால் இன்னும் இறங்குகிறது என்றால், ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துக் கணினி கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று நீண்டகால ஃபியூவல் ட்ரிம், அதாவது கணினி தன் அடிப்படைக் கணக்குக்கு மேல் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண். கூட்டல் 10 சதவீதத்துக்கு மேல் நின்றால் எங்கோ அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது, அல்லது காற்றோட்ட சென்சார் அழுக்கேறிக் குறைத்துச் சொல்கிறது, அல்லது பம்ப் அழுத்தம் போதவில்லை. கழித்தல் 10-ல் நின்றால் ஒழுகும் இன்ஜெக்டரையும், டேங்க்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வையும் பாருங்கள். ஆக்ஸிஜன் சென்சார் கெட்டிருந்தால் வேறு எந்தக் கைவேலையும் ஈடுகட்ட முடியாத அளவுக்குப் பெட்ரோல் போகும்.

பிரேக் பிடித்தபடி இருப்பதை மீட்டர் காட்டாது. நெடுஞ்சாலையில் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் 20, 30 டிகிரி கூடுதலாக இருந்தால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கோன் கிரீஸ் தடவி மாட்டுவது அரை மணி நேர வேலை. சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் உறை ஊதிப் பின் மறுபடி இறுகும்.

ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்தபோது, இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் அடைத்த ஃபில்டர் முடுக்கத்தைக் குறைத்ததே தவிர மைலேஜைத் தொடவில்லை. கணினி உள்ளே வரும் காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. மாற்ற வேண்டிய காலத்தில் மாற்றுங்கள். 'அதிகக் காற்று' என்று விற்கும் எண்ணெய் தடவிய ஃபில்டருக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

டயர், எடை, கூரைக் கம்பி

டயர் காற்று ஒவ்வொரு பி.எஸ்.ஐ. குறைவதற்கும் மைலேஜில் 0.2 சதவீதம் போகும். நான்கு டயரிலும் 8 பி.எஸ்.ஐ. குறைவு என்றால் 1.6 சதவீதம். இதை அலட்சியமாகவும் விட வேண்டாம், பெரிதாகவும் நம்ப வேண்டாம். அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, சூடேறாத டயரில் பார்க்க வேண்டும். அதற்கு மேல் 2 அல்லது 3 பி.எஸ்.ஐ. கூட்டுவது வரை பொறுக்கலாம். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச எண்ணைப் பார்த்து நிரப்புவது மைலேஜ் ஆர்வலர்களிடம் பரவலான பழக்கம், அது வேண்டாம். நடுப்பகுதி மட்டும் தேயும், ஈரச் சாலையில் பிரேக் தூரம் கூடும், மிச்சமானது புது டயருக்குப் போய்விடும்.

குறை உருளுதடை டயர் நல்ல பொருள்தான், ஆனால் பழையது தேய்ந்த பிறகு வாங்குங்கள். உருளும் தடை 10 சதவீதம் குறைந்தால் பெட்ரோலில் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகும். தேய்ந்த டயருக்குத் தடை இயல்பிலேயே குறைவு என்பதால், எந்த நல்ல டயரைப் புதிதாக மாட்டினாலும் முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு மைலேஜ் இறங்கியதுபோல் தெரியும். டயரைக் குறை சொல்லி விமர்சனம் எழுதுபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அளவை மாற்றிப் பெரிய டயர் போட்டால் கிலோமீட்டர் எண்ணியே தவறாகிவிடும். கிடைத்தது லாபமா நஷ்டமா என்று யாருக்கும் தெரியாது.

எடையைக் குறைப்பதில் பெரிய வரவில்லை. 45 கிலோவுக்குச் சுமார் 1 சதவீதம். ஸ்டெப்னியைக் கழற்றிப் போட்டு 15 கிலோ மிச்சம் பிடிப்பது வழியில் டயர் வெடிக்கும்வரை நன்றாக இருக்கும். ஆனால் கூரையில் வெறுமனே கிடக்கும் கேரியரையும் பெட்டியையும் இறக்குவது, செலவே இல்லாத வேலைகளில் மிகப் பெரியது. மூக்கு மழுங்கிய பெரிய கூரைப் பெட்டி, மணிக்கு 105 முதல் 120 கி.மீ. வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை மைலேஜைத் தின்னும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி சொல்கிறது. கீழே வரும் எந்த வெட்டு ஒட்டு வேலையும் இதன் பக்கத்தில் வராது.

கிரில் அடைப்பு: மலிவுக்கு 5-க்கு 4

ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள திறப்புகள், கடும் வெயிலில், முழுச் சுமையோடு, மலையேறும்போதும் இன்ஜின் கொதிக்காத அளவுக்கு வைக்கப்பட்டவை. மற்ற நேரமெல்லாம் தேவைக்கு மேல் காற்று உள்ளே புகுந்து, ரேடியேட்டரிலும் இன்ஜின் அறையிலும் முட்டி மோதி அடிவழியாக வெளியேறுகிறது. அந்த முட்டல்தான் செலவு. தொழிற்சாலையே இதை ஒப்புக்கொண்டு 2011 செவ்ரோலே க்ரூஸ் ஈக்கோ போன்ற கார்களில் தானாக மூடும் ஷட்டரை வைத்தது. உங்கள் காரில் ஏற்கெனவே ஷட்டர் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள். அதன்மேல் அடைப்பு போட்டால் சில கார்களில் எச்சரிக்கை விளக்கு எரியும்.

வேண்டியவை: 4 மி.மீ. கோரோபிளாஸ்ட், அதாவது விளம்பரப் பலகைக்குப் பயன்படும், உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் தாள். வெயில் தாங்கும் கறுப்பு கேபிள் டை. வார்ப்பு வெட்ட ஒரு அட்டை. கிடைமட்டப் பட்டைகள் உள்ள கிரில் என்றால் தாளைவிட, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் ஃபோம் குழல் நல்லது. பட்டைகளுக்கு நடுவே அழுத்தினாலே நிற்கும், வேண்டாத நாளில் இழுத்து எடுத்துவிடலாம். ஆனால் மூடிய செல் ஃபோமாக இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கும் வகை நாலு மழையில் தொங்கிவிடும்.

முதலில் ஒரு வாரம் எதையும் அடைக்காமல் ஓட்டி, உங்கள் காரின் இயல்பான கூலன்ட் வெப்பத்தைக் குறித்துவையுங்கள். பெரும்பாலும் 85-க்கும் 95-க்கும் இடையில் ஓரிடத்தில் நிற்கும். பிறகு மேல் கிரில்லை மட்டும் அடையுங்கள். கீழ்த் திறப்பைத் தொட வேண்டாம். தாளை முடிந்தவரை கிரில்லின் முன்முகத்தோடு சமமாக நிறுத்துங்கள். உள்ளே தள்ளி மாட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் முன்னால் ஒரு குழி மிச்சமாகிக் காற்று அங்கே சுழலும். கீழே ஒரு பகுதியை அடைப்பதானால், ரேடியேட்டர் விசிறி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு நேர் எதிரே உள்ள திறப்பை விட்டுவிட்டு மற்ற பக்கத்தை அடையுங்கள். நெரிசலில் விசிறிக்கு இழுக்கக் காற்று வேண்டும். மொத்தத் திறப்பில் பாதிக்கு மேல் முதல் தடவையிலேயே போகக் கூடாது.

அடைத்த பிறகு நெடுஞ்சாலையில் 3, 4 டிகிரி ஏறி நின்றால் பரவாயில்லை. இதுவரை வேகத்தில் சுற்றாத விசிறி இப்போது சுற்றத் தொடங்கினால் அடைப்பு அதிகம். ஏ.சி. போட்டதும் குளிர்ச்சி குறைந்தால் அதுவும் அதே அறிகுறிதான்: ரேடியேட்டருக்கு முன்னால் ஏ.சி. வாயுவை ஆற்றும் கண்டென்சருக்குக் காற்று போதாமல் அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர் கூடுதல் சக்தியை இழுக்கிறது. மிச்சம் பிடித்ததை ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுத்த கதை. டர்போ காரில், இன்ஜினுக்குப் போகும் அழுத்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் வழியை அடைக்கவே கூடாது. ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஆயில் கூலர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகே வெட்டுங்கள். அது சூடாவதைக் கூலன்ட் மீட்டர் காட்டாது. நெடுஞ்சாலையில் 1 முதல் 3 சதவீதம் எதிர்பார்க்கலாம். குளிர்காலத்தில் இன்ஜின் சீக்கிரம் சூடேறுவதால் குறுகிய ஓட்டங்களிலும் கொஞ்சம் கிடைக்கும்.

சக்கர மூடி: 5-க்கு 3

முதல் தலைமுறை ஹோண்டா இன்சைட்டைப் பார்த்தவர்களுக்குப் பின்சக்கரத்தைப் பாதி மறைக்கும் தகடு நினைவிருக்கும். காற்றுத்தடைக் கெழு 0.25-க்கு வர அதுவும் ஒரு காரணம். வீட்டில் செய்ய எளியது தட்டையான மூடி. 1.5 மி.மீ. அலுமினியத் தகடு அல்லது 3 மி.மீ. பாலிகார்பனேட்டை வட்டமாக வெட்டி, காரோடு வந்த பிளாஸ்டிக் ஹப்கேப்பின் மேல் ரிவெட் அடித்தால் போதும். ஹப்கேப்பின் கிளிப்புகளே பிடித்துக்கொள்ளும். அலாய் சக்கரம் என்றால் கம்பிகளைச் சுற்றிக் குறைந்தது ஐந்து இடத்தில் கட்ட வேண்டும். காற்று நிரப்பும் வால்வுக்கு ஓட்டை, ஓரத்தில் சுற்றிலும் சுமார் 1 செ.மீ. இடைவெளி. விளிம்பை அரத்தால் மழுக்காமல் விட்டால் கழுவும்போது கையை அறுக்கும்.

பின்சக்கரத்தில் மட்டும் தொடங்குங்கள். பிரேக் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு. அங்கே மூடினால் டிஸ்க் ஆறாது. மலைப்பாதையில் இறங்கும் வழக்கமுள்ளவர்கள் முன்னால் மூடவே வேண்டாம். மூடி டயரின் பக்கச்சுவரைத் தாண்டி வெளியே நீட்டினால் பாதசாரிக்கும் சைக்கிளுக்கும் ஆபத்து. பல நாடுகளில் சட்டமும் விடாது. மூடிய பிறகு சக்கர நட்டின் இறுக்கத்தைப் பார்க்க முடியாமல் போவதுதான் இதன் மறைமுகக் குறை. ஐந்து நிமிடத்தில் கழற்ற முடியாத மூடியைச் செய்யாதீர்கள்.

அடித்தட்டு: உழைப்பு அதிகம், பலனும் உண்டு

காரின் அடிப்பக்கம் முழுக்க மேடு பள்ளம். அதை மூடுவது கையால் செய்யும் காற்றியல் வேலைகளில் உருப்படியானது, அதே சமயம் தப்பாகச் செய்தால் தீப்பிடிக்கக்கூடிய ஒரே வேலை. தாள் வெட்டுமுன் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் காருக்கு நிறுவனமே கொடுத்த இன்ஜின் அடித்தட்டு இன்னும் இருக்கிறதா? ஆயில் மாற்றும்போது கழற்றி, கிளிப் உடைந்ததால் மாட்டாமலே விட்டுவிடுவது சர்வீஸ் நிலையங்களில் சகஜம். அந்த அசல் தட்டை வாங்கிப் பூட்டுவதே முதல் வேலை. சூடு, ஆயில் கதவு, காற்று வெளியேறும் வழி எல்லாம் அதில் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கும்.

நீங்களே செய்வதானால் பம்பரின் கீழ் விளிம்பிலிருந்து முன் அச்சு வரை ஒரு தட்டு, பிறகு இருக்கைகளுக்குக் கீழே இரு பக்கமும் இரண்டு. 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர் தாள் ஒன்று பெரும்பாலும் போதும். 25 மி.மீ. அலுமினிய எல் கோணம் சட்டத்துக்கு. எம்6 போல்ட்டும் 30 மி.மீ. அகல வாஷரும் தாளைப் பிடிக்க. சிறிய வாஷர் போட்டால் அதிர்வில் தாள் கிழிந்துகொண்டு வரும். 30 செ.மீ.க்கு ஒரு பிடிப்பு இல்லாவிட்டால் வேகத்தில் படபடக்கும். பாடியின் தாங்கு சட்டத்தில் புது ஓட்டை போடாதீர்கள். இருக்கும் ஓட்டைகளையும் பம்பரின் திருகுகளையும் பயன்படுத்துங்கள். தட்டுகளைச் சேர்க்கும்போது கூரை ஓட்டைக் கவிழ்த்த மாதிரி: முன்தட்டின் பின்விளிம்பு கீழே, அடுத்த தட்டின் முன்விளிம்பு அதற்கு மேலே. மாறினால் காற்று இடுக்கில் புகுந்து தட்டைப் பிய்த்துக்கொண்டு போகும்.

கோரோபிளாஸ்ட் என்பது பாலிபுரோப்பிலீன். 160 டிகிரி வாக்கில் உருகும், அதற்கு வெகு முன்பே தொளதொளக்கும். புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் வெளிப்புறமே சில நூறு டிகிரி ஏறும். புகைக்குழாய்க்கு 15 செ.மீ.க்குள் பிளாஸ்டிக் வரக் கூடாது. அந்த இடத்தில் 1 மி.மீ. அலுமினியம் போடலாம், கன்வெர்ட்டருக்கு நேர் கீழே எதுவுமே வேண்டாம், திறந்தே இருக்கட்டும். ஆயில் கசியும் இன்ஜினுக்கு அடித்தட்டு போடுவது, எரியும் பொருளைத் தட்டில் ஏந்திச் சூட்டுக்கு அருகில் வைப்பது. கசிவை அடைத்த பிறகே தட்டு.

ரேடியேட்டர் வழியாக வரும் காற்று இன்ஜின் அறையிலிருந்து வெளியே போகவும் இடம் வேண்டும். முன்தட்டின் பின்பக்கம் ஒரு கைப்பிடி அகலத்துக்கு இடைவெளி விடுங்கள். அதையும் மூடிவிட்டு 'ஹீட் ஏறுகிறது' என்று ரேடியேட்டரை மாற்றியவர்கள் உண்டு. ஜாக் வைக்கும் இடங்கள், ஆயில் வடிக்கும் திருகு இரண்டுக்கும் திறப்பு. பள்ளமான இடங்களில் தண்ணீர் வடிய 8 மி.மீ. ஓட்டைகள். பூட்டிய பிறகு 100 கி.மீ. ஓட்டி, கீழே படுத்து, தாளில் பழுப்பேறிய இடம், தளர்ந்த போல்ட், எண்ணெய்த் தடம் மூன்றையும் தேடுங்கள்.

பின்பக்கத்தில் கூரையை நீட்டிக் கூம்பவிடும் வால் இதைவிடவும் அதிகம் கொடுக்கும். ஆனால் கூரையின் சரிவு 15 டிகிரியைத் தாண்டினால் காற்று ஒட்டாமல் பிய்ந்து, இருந்ததைவிட மோசமாகும். 5 செ.மீ. நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டி, பக்கத்துக் காரிலிருந்து வீடியோ எடுத்தால் எங்கே பிய்கிறது என்று தெரியும். நூல் படுத்திருந்தால் ஒட்டியிருக்கிறது, துள்ளினால் பிய்ந்திருக்கிறது. விளக்கு, எண் தகடு, பின்பார்வை என்று வரும் சிக்கல்களைப் பார்த்தால் தினசரி ஓடும் காருக்கு இது சரிப்படாது.

சோதிக்கும் முறை

எந்த வேலையையும் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி மூன்று கட்டமாகப் பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டி டயரும் கியர் ஆயிலும் சூடான பிறகு, ஒரே சாலையில், ஒரே வேகத்தில், போகும்போதும் வரும்போதும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். வெயில் 10 டிகிரி ஏறினாலே காற்றின் அடர்த்தி 3 சதவீதத்துக்கு மேல் குறையும். காலையில் கழற்றி ஓட்டி மதியம் மாட்டி ஓட்டினால், வெயிலின் வேலையைக் கிரில் அடைப்பின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

பெட்டியில் வருபவை: 5-க்கு 0

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட எரிபொருள் சிக்கனச் சாதனங்களைச் சோதித்திருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவு மைலேஜ் ஏற்றிய ஒன்றும் அதில் இல்லை. பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், காற்றைச் சுழற்றும் விசிறித் தகடு பற்றி அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகி 'கணினியைப் பழக்கும்' டப்பாவைத் திறந்தால் மினுக்கும் விளக்கும், அதை மினுக்க ஒரு சில்லும் இருக்கும். காரின் வலைப்பின்னலோடு பேசத் தேவையான சில்லே பலவற்றில் கிடையாது.

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் கிட் மட்டும் கணக்கோடு பேசத் தகுந்தது, ஏனென்றால் அது உண்மையிலேயே வாயுவை உண்டாக்கும். ஆறு அறைகள் தொடராக, 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் என்றால் 276 வாட். மணிக்குக் கிடைக்கும் ஹைட்ரஜன் சுமார் 50 லிட்டர். எரித்தால் 150 வாட்டுக்குச் சமம். அந்த 276 வாட்டை ஆல்டர்னேட்டர் தர, பெல்ட்டில் 500 வாட் இழுக்கும். அதை இன்ஜின் தர, 1,800 வாட் அளவுக்குப் பெட்ரோல் எரிய வேண்டும். 1,800 கொடுத்து 150 வாங்கும் வியாபாரம். போதாததற்கு, இன்ஜின் அறையில் வெடிக்கும் வாயு.

ஓடும்போது இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்சையும் இந்தக் கூடையிலேயே போடலாம். பலன் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் இன்ஜின் நின்றதும் பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். பிறகு பெடல் கல்லாகிவிடும். சாவியை ஒரு படி கூடத் திருப்பிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பொதுச்சாலையில் வேண்டாம்.

இன்ஜின் ஆயிலைப் பொறுத்தவரை, கையேட்டில் 0டபிள்யூ-20 என்று இருந்து, அதைவிடத் தடித்த 5டபிள்யூ-30 ஊற்றிக்கொண்டிருந்தால் மாற்றுங்கள்; 1, 2 சதவீதம் கிடைக்கும். கையேடு சொல்வதைவிட மெல்லியதை ஊற்றுவது பேரிங்கோடு விளையாடுவது. டேங்க்கில் ஊற்றும் திரவங்களில் பாலிஈதர்அமீன் உள்ள இன்ஜெக்டர் கிளீனர் ஒன்றுக்குத்தான் செய்ய ஒரு வேலை உண்டு, அதுவும் இன்ஜெக்டர் அழுக்கேறியிருந்தால். ஊற்றுமுன் ஃபியூவல் ட்ரிம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டேங்க் முடிந்த பிறகு மறுபடி பாருங்கள். எண் அசையவில்லையென்றால் இரண்டாவது பாட்டில் வாங்க வேண்டாம்.